கும்பகோணம் வெத்தலை: எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

எங்க வீடு அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் நடுவுல, குடமுருட்டி ஆத்துப் பாசனம். தாத்தா காலத்துலேருந்து கொடிக்கா, அதாவது வெத்தலைத் தோட்டம் தான் சோறு போட்டுச்சு. இப்ப ஒன்றரை மா தான் மிச்சம் (வெளியூர்க்காரங்களுக்காக: எங்க பக்கம் 1 மான்னா 100 குழி, 33 சென்ட்). அப்பா தான் பாக்குறாரு, நான் வேலைக்குப் போயிட்டு வர்ற நேரம் போக கூட நிப்பேன். கல்யாண வீட்டுலயும் பஸ்லயும் போன்லயும் ஒரே கேள்விகளையே கேக்குறாங்க, அதான் ஒரு தடவை உக்காந்து எழுதிட்டா அப்புறம் லிங்க் அனுப்பிக்கலாம்னு.

வெத்தலைக்கு சொந்த ஊரு கும்பகோணமா?

இல்லைங்க. கேட்டா எங்க ஊருக்காரங்களுக்கு கோவம் வரும், ஆனா உண்மை அதான். இந்தக் கொடி தென்கிழக்கு ஆசியாவுல, மலேசியா பக்கத்துலேருந்து வந்ததுன்னு தான் தாவர ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. மிளகு, திப்பிலி ரெண்டுக்கும் பங்காளி முறை, ஒரே குடும்பம், மிளகுக் கொடி இலையையும் வெத்தலையையும் பக்கத்துல வச்சா புதுசா பாக்குறவங்க தடுமாறிடுவாங்க. நம்ம ஊருக்கு வந்தே ரொம்ப காலம் ஆயிடுச்சு, கண்ணகி கோவலனுக்கு கடைசி சாப்பாடு போட்டுட்டு வெத்தலை பாக்கு மடிச்சுக் குடுத்தான்னு சிலப்பதிகாரத்துலயே வருது.

பேரு மட்டும் நம்மளோடது. வெறும் இலை, அதாவது பூவும் இல்லாம காயும் இல்லாம இலைக்காக மட்டும் வளக்குறதால வெற்றிலைன்னு சொல்லுவாங்க. மலையாளத்துல வெத்தில, அதை போர்ச்சுகீசியக்காரன் காதுல வாங்கி பீட்டல்னு கொண்டு போயி, இன்னைக்கு உலகமே அப்படித்தான் சொல்லுது.

பூக்கவே பூக்காதா?

பூக்கும். ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. ஆனா நாங்க இலையைக் கிள்ளிக்கிட்டே இருக்கோம், கொடியையும் எறக்கி எறக்கிக் கட்டுறோம், அதனால கண்ணுல படுறது அபூர்வம். விதை போட்டு யாரும் வளக்குறது கிடையாது, தண்டை வெட்டி நடுறது தான். இதுல ஒண்ணு யோசிச்சுப் பாத்தீங்கன்னா, எங்க அப்பா இன்னைக்கு கிள்ளுற கொடி எங்க தாத்தா நட்ட கொடியோட வாரிசு கூட இல்லை, அதே கொடி தான், வெட்டி வெட்டி எடம் மாறி வந்துக்கிட்டு இருக்கு. அதனால ருசியும் மாறாது. ஒரு கொடிக்கு ஆகாத நோய் பக்கத்துல நிக்குற அத்தனைக்கும் ஆகாது, அதான் இதுல உள்ள வம்பு.

அப்ப கும்பகோணம் வெத்தலைன்னு தனியா என்ன இருக்கு?

மண்ணு, தண்ணி, கிள்ளுற பக்குவம் மூணும் தான். காவேரி, குடமுருட்டி, அரசலாறு இந்த ஆத்தங்கரை வண்டல்ல, அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம், சுவாமிமலை, திருவையாறுன்னு ஒரு பெல்ட்டா வெளையுது. கும்பகோணம் டவுனுக்குள்ள கொடிக்கா தேடாதீங்க, அங்க சந்தையும் கடையும் சீவலும் தான். இலை மெல்லிசா இருக்கும், வாய்ல போட்டா சக்கை அதிகம் நிக்காது, காரம் உண்டு ஆனா நாக்கை அறுக்காது. கொழுந்து வெத்தலைன்னு கேட்டு வாங்குறது இதைத்தான்.

2025-ல புவிசார் குறியீடு கெடைச்சிருக்கு. அதுக்கு முன்னாடியே 2023-ல சோழவந்தான் வெத்தலைக்கும் ஆத்தூர் வெத்தலைக்கும் குடுத்துட்டாங்க. எங்களுக்கு லேட்டு தான், அதுல எங்க பெரியப்பாவுக்கு இன்னும் ஆத்தாமை தீரலை. குறியீடு வந்தவுடனே விலை ஏறிடுச்சான்னு கேக்காதீங்க. விலை முகூர்த்தத்தைப் பாத்து ஏறும், ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இல்லைன்னா படுத்துடும்.

பச்சைக்கொடி, வெள்ளைக்கொடி, கற்பூரி, எது நல்லது?

பச்சைக்கொடி இலை நல்ல கரும்பச்சை, காரம் தூக்கல். வெள்ளைக்கொடி வெளிர் நிறம், காரம் கம்மி. கற்பூரி பேருக்கு ஏத்த மாதிரி வாசனை. திருச்சி பக்கத்துல சிறுகமணி ஆராய்ச்சி நிலையத்துலேருந்து வந்த சிறுகமணி 1-னு ஒண்ணும் இருக்கு. தினமும் போடுறவங்க பச்சைக்கொடின்னு நிப்பாங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் எப்பவாவது போடுறவங்களுக்கு வெள்ளைக்கொடி போதும். எனக்கு கற்பூரி பிடிக்காது, சோப்பு தின்ன மாதிரி இருக்கு, அது என் நாக்கு.

வெத்தலை போட்டா போதை வருமா?

இதைத்தான் அதிகமா கேக்குறாங்க, அதுவும் காலேஜ் பசங்க. இலையால வராது. இலையில உள்ள வாசனை யூஜினால், சாவிகால் இந்த மாதிரி எண்ணெய்ச் சத்து, கிராம்புல இருக்கே அதே யூஜினால் தான், அதான் கடிச்சவுடனே நாக்கு லேசா மரத்து, மூக்கு தெறந்த மாதிரி இருக்கும். அவ்வளவு தான்.

வேலையைக் காட்டுறது பாக்கு. பாக்குல அரிகோலின்னு ஒரு சத்து இருக்கு, மூளையில நிகோட்டின் போயி தட்டுற கதவுகள்ல சிலதை இதுவும் தட்டும். சுண்ணாம்பு சேந்தா அது இன்னும் சீக்கிரமா வாய்த்தோல் வழியா ரத்தத்துல ஏறும், நம்ம ஆளுங்க கெமிஸ்ட்ரி படிக்காமயே மூணையும் சேத்து வச்சிருக்காங்க பாருங்க. உடம்பு சூடாகும், நெத்தி வேர்க்கும், எச்சில் ஊறும், நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்கும், தூக்கம் கலையும். பழக்கம் இல்லாதவன் கொட்டைப்பாக்கை அதிகமா போட்டா கிறுகிறுன்னு வந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான், எங்க அக்கா கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுத் தம்பி ஒருத்தன் அப்படித்தான் பந்தல் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், தண்ணி குடிக்க வச்சு உக்கார வச்சோம், அரைமணி நேரத்துல சரியாயிட்டான்.

உலகத்துல காஃபின், நிகோட்டின், சாராயம் இந்த மூணுக்கும் அடுத்தபடியா அதிகம் பேரு பழகின பொருள் பாக்கு தான்னு சொல்லுவாங்க. அதனால பழக்கம் ஆகுமான்னா, ஆகும். எங்க அத்தை ஒரு வேளை போடலைன்னா தலைவலின்னு படுத்துப்பாங்க. அவங்ககிட்ட போயி இது அடிக்‌ஷன்னு சொன்னா வெத்தலைப் பொட்டியால அடிப்பாங்க.

வாய் ஏன் செவக்குது? நல்லா செவந்தா புருஷனுக்குப் பிரியம் அதிகமாமே?

இலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு, செவப்பு எங்கேருந்து வருதுன்னா பாக்குல உள்ள துவர்ப்புச் சத்து சுண்ணாம்போட காரத்துல செவக்குது. சுண்ணாம்பு இல்லாம போட்டுப் பாருங்க, செவக்காது. பிரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, சுண்ணாம்பு அளவு சரியா இருந்துச்சுன்னு அர்த்தம். அதிகமாப் போனா வாய் வெந்துடும், முதல் தடவை போடுறவங்க ஒரு மிளகு அளவுக்கு மேல தடவாதீங்க. எங்க பக்கம் நல்ல சுண்ணாம்புன்னா கிளிஞ்சல் சுண்ணாம்பு தான்.

கேன்சர் வருமா? நேரா சொல்லுங்க.

நேரா சொல்றேன், கொடிக்கா வச்சிருக்கவன் சொல்றான்னு சந்தேகப்படாதீங்க. புகையிலை சேத்துப் போட்டா வரும்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, புகையிலையே இல்லாம வெறும் வெத்தலை பாக்கு சுண்ணாம்பும் வாய்ப்புத்து உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல வெளியிட்ட தொகுப்புல முதல் வகையில சேத்துட்டாங்க, பாக்கைத் தனியாவும் அதே வகையில. முதல் வகைன்னா சந்தேகம் இல்லைன்னு அர்த்தம், சிகரெட்டும் அங்க தான் இருக்கு.

புத்துக்கு முன்னாடி இன்னொண்ணு வரும், கன்னத்து உள்பக்கம் வெளுத்து நாரு மாதிரி இறுகி வாய் தெறக்க முடியாம போறது. மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா நெட்டா வச்சு வாய்க்குள்ள நுழைச்சுப் பாருங்க, நுழையலைன்னா, காரம் பட்டா எரியுதுன்னா, அன்னைக்கே பாக்கை விட்டுட்டு பல் டாக்டரைப் பாருங்க. எங்க தெருவுல ஒருத்தர் இட்லியைக் கரைச்சுக் குடிக்கிற நிலைமைக்கு வந்த அப்புறம் தான் போனாரு.

இலை மேல தப்பு இருக்குன்னு அந்தப் பட்டியல்ல தனியா சொல்லலை. எங்க அப்பா அம்பது வருஷமா கொடிக்காவுல நிக்குறாரு, கொழுந்தா ரெண்டு இலையை வெறுமனே மென்னுட்டுப் போவாரு, பாக்கு தொட மாட்டாரு. நான் சொல்லி இல்லை, பல்லு போயிடும்னு.

பழ ஃப்ளேவர்ல பாக்கெட் பாக்கு வருதே, அது பரவாயில்லையா? பீடா?

அந்தப் பாக்கெட்டைப் பிரிச்சு மோந்து பாருங்க, மாம்பழமோ ஸ்ட்ராபெரியோ எசன்ஸ் வாசனை தூக்கும், உள்ள இருக்குறது பழைய பாக்குத் தூள். வாசனையும் சர்க்கரையும் சேத்ததால பாக்கு பழம் ஆயிடாது, சின்னப் பசங்க மிட்டாய்னு நெனச்சு வாய்ல அடக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போறது தான் நடக்குது. இலையோட போட்டா துப்பவாவது செய்வோம், இதை மணிக்கணக்குல கன்னத்துல வச்சுக்குறாங்க, அது இன்னும் கெடுதல். குட்கா, பான் மசாலா தமிழ்நாட்டுல 2013-லேருந்து தடை, ஆனா பெட்டிக்கடையில எங்க தொங்கும்னு உங்களுக்கே தெரியும்.

ஸ்வீட் பீடா கணக்கு வேற, குல்கந்து, தேங்காத் துருவல், டூட்டி ஃப்ரூட்டி, சோம்பு. பாக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வாங்குங்க, அப்ப அது ஒரு ஸ்வீட்டு, அவ்வளவு தான்.

சளிக்கு, குழந்தை வயித்து உப்புசத்துக்கு வெத்தலை வைக்கலாமா?

வெத்தலையில வெளக்கெண்ணெய் தடவி அனல்ல வாட்டி வயித்துல போடுறது எல்லா வீட்டுலயும் உண்டு. சூடு உங்க கன்னத்துல வச்சுப் பாத்துட்டு போடுங்க, குழந்தைத் தோல் சீக்கிரம் பொத்துப்போயிடும். சாறு புழிஞ்சு கைக்குழந்தை வாயில ஊத்துறது மட்டும் வேண்டாம். பெரியவங்க சளிக்கு ரெண்டு இலையை மிளகோட கொதிக்க வச்சுக் குடிக்கலாம், தொண்டைக்கு இதமா இருக்கும், நெஞ்சு சளி ஒரு வாரம் தாண்டிச்சுன்னா டாக்டர் தான்.

கொடிக்கா எப்படிப் போடுறது? கொஞ்சம் விவரமா.

முதல்ல தண்ணி நிக்காத எடம் வேணும், ஆனா தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும். முரணா இருக்கா? வெத்தலைக்காரன் பொழப்பே அந்த முரண் தான். வேரு ஈரத்துலயே இருக்கணும், ஆனா ஒரு ராத்திரி முங்கிக் கெடந்தா அழுகிடும். அதனால ரெண்டு மீட்டர் அகலத்துல மேட்டுப்பாத்தி, நடுவுல அரை மீட்டர் அகலம் அரை மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கா. வெட்டின மண்ணு பாத்தி மேலயே ஏறும்.

கொடியை உடனே நட முடியாது. முதல்ல அகத்தி விதைக்கணும், வரிசை வரிசையா. 45 நாள்ல அகத்தி வளந்து லேசா நெழல் குடுக்க ஆரம்பிச்ச அப்புறம் தான் அதோட காலடியில கொடி. மூணுலேருந்து அஞ்சு கணு உள்ள தண்டு, நோயில்லாத கொடியோட மேல் பக்கத்துலேருந்து வெட்டுனது, ரெண்டு கணு மண்ணுக்குள்ள. ஒரு ஹெக்டேருக்கு 40,000 தண்டு வரைக்கும் பிடிக்கும். நட்ட முதல் வாரம் காலையிலயும் சாயங்காலமும் தண்ணி, வாய்க்காவுல எறங்கி நின்னு எறைச்சு விடுறது. இப்ப மோட்டார் போட்டு பைப்புல அடிக்கிறவங்க உண்டு, எங்க அப்பாவுக்கு அது பிடிக்காது, மண்ணு கரைஞ்சு வேரு தெரியுதுங்கிறாரு. எனக்கு முதுகு வலிக்குதுங்கிறேன். நடுவுல நிக்குது பேச்சுவார்த்தை.

அகத்தி வெறும் கம்பம் இல்லைங்க. கொடிக்கு ஏணி, நெழல், ஆட்டுக்குத் தழை, வீட்டுக்குக் கீரை, வேருல முடிச்சு விட்டு மண்ணுக்குத் தழைச்சத்து. நாலு மீட்டர் வந்ததும் தலையைக் கிள்ளிடணும், இல்லைன்னா ஐப்பசிக் காத்துல கொடியோட சேத்து சாஞ்சிடும். நெழல் அதிகமாயிட்டா இலை பெருசா மெத்துன்னு காரமே இல்லாம வரும், வெயில் அதிகமாயிட்டா மஞ்சளா சுருண்டு போகும். எந்த கிளையைக் கழிக்கணும்னு அப்பா அண்ணாந்து பாத்து சொல்லுவாரு, எனக்கு இன்னும் பிடிபடலை.

15, 20 நாளைக்கு ஒரு தடவை வளந்த கொடியை அகத்தியோட சேத்து வாழை நாரால கட்டணும். இறுக்கிக் கட்டினா தண்டு அறுபடும், ஒரு சுண்டுவிரல் உள்ள போற மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவை உச்சிக்குப் போன கொடியை அவிழ்த்து எறக்கி, கீழ்த்தண்டை சுருட்டி மண்ணுல பதிச்சு, மேல மண்ணு அணைச்சு விடுவோம், மறுபடி புதுசா ஏறும். எரு, எலை தழை, வேப்பம்புண்ணாக்கு, வாய்க்கா வண்டல், இதெல்லாம் அப்பப்ப. இப்படி ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம், அப்புறம் அழிச்சிட்டு வாழையோ நெல்லோ போட்டு மண்ணுக்கு ஓய்வு.

எந்த நோய் கவலையா இருக்கும்?

வாடல் தான், மத்ததெல்லாம் சமாளிச்சிடலாம். பைட்டாப்தோரான்னு ஒரு பூஞ்சாணம், தண்ணி வழியா பரவும். காலையில பாத்தா இலை பளபளப்பு போயி லேசா தொங்கியிருக்கும், இழுத்தா கொடி கையோட வரும், தரையை ஒட்டின தண்டு கருத்து வழுவழுன்னு ஒரு கெட்ட நாத்தம். அந்த எடத்துலேருந்து வாய்க்கா வழியா அடுத்த பாத்திக்குப் போயிடும். நாலஞ்சு வருஷம் முன்னாடி கார்த்திகையில மூணு நாள் விடாம மழை, வடிகால்ல யாரோ போட்ட பிளாஸ்டிக் மூட்டை அடைச்சு தண்ணி நின்னுடுச்சு, ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு போயி எடுத்து விட்டோம், ஆனாலும் பத்து நாள்ல பதினெட்டு வரிசை காலி. அதுக்கு மேல ஒரு மருந்துக் கடையில தப்பான மருந்தைக் குடுத்து இலை மேல அடிக்கச் சொல்லி மிச்ச இலையும் கருகிச்சு.

மழைக்காலத்துக்கு முன்னாடியே 0.25 சதவீத போர்டோ கலவையை வேர்ப்பக்கம் ஊத்தணும். 100 லிட்டர் தண்ணிக்கு 250 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 250 கிராம் சுண்ணாம்பு, ரெண்டையும் தனித்தனியா கரைச்சு அப்புறம் சேக்கணும், செம்புப் பாத்திரமோ பிளாஸ்டிக்கோ தான், இரும்பு வாளி கூடாது. மண்ணுல ஊத்துங்க, இலையில அடிக்காதீங்க, ஜனங்க அப்படியே வாயில போடுற பொருள் இது. செத்த கொடியை வாய்க்காவுல தூக்கிப் போடுறவனை என்ன சொல்றதுன்னே தெரியலை, பக்கத்து கொடிக்காகாரன் சாபம் சும்மா விடாது.

எப்படி கிள்ளுறாங்க? கவுளின்னா எத்தனை?

விடியறதுக்குள்ள ஆரம்பிச்சிடணும், வெயில் ஏறினா இலை தொவண்டுடும். பெருவிரல்ல இரும்புல நகம் மாதிரி ஒண்ணு மாட்டிக்கிட்டு, காம்போட சேத்து ‘டிக்’னு ஒரு சத்தம், அடுத்தது, அடுத்தது. அப்பா பெருவிரல் ஓரத்துல கருப்பா ஒரு பிறை மாதிரி கறை இருக்கும், எந்த சோப்புக்கும் போகாது. கிள்ளினதை வீட்டுத் திண்ணையில கொட்டி, நுனி எல்லாம் ஒரே பக்கமா வச்சு, கொழுந்து தனியா முத்தல் தனியா பிரிச்சு எண்ணி அடுக்குவாங்க, எங்க பக்கம் 100 இலை ஒரு கவுளி. எண்ணுறப்ப அம்மாகிட்ட பேசக்கூடாது, நம்பர் விட்டுப்போச்சுன்னா திட்டு விழும். வாழைச் சருகு போட்டு ஈரமா கட்டி சந்தைக்குப் போயிடும். நல்லா பாத்துக்கிட்டா ஹெக்டேருக்கு வருஷத்துல 75 லட்சத்துலேருந்து 1 கோடி இலை வரைக்கும் எடுக்கலாம்னு புத்தகக் கணக்கு. புத்தகத்துல கூலி ஆளு லீவு போட மாட்டான்.

கடையில நல்ல வெத்தலை எப்படி பாத்து வாங்குறது? ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

காம்பை ஒடிச்சுப் பாருங்க, சட்டுன்னு ஒடியணும், வளைஞ்சா பழசு. நுனி சுருளாம இருக்கணும், பின்பக்கம் கருப்புப் புள்ளி பாருங்க, கவுளியோட மேல் இலையை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, நடுவுல விரிச்சுப் பாருங்க. ஃப்ரிட்ஜ் குளிர் இதுக்கு ஆகாது, கருத்துப் போகும். ஈரத்துணியில சுத்தி, மண்பானைப் பக்கத்துல வைங்க. இலையோட எலை ஒட்டி நீர் கோத்துக்கிட்டா ஒண்ணு அழுகினா பத்து அழுகும், தினம் ஒரு தடவை பிரிச்சு அழுகலை எடுத்துடுங்க.

காம்பும் நுனியும் கிள்ளிட்டுப் போடணும்னு ஏன் சொல்றாங்க?

நுனியில மூதேவின்னு ஆரம்பிச்சு ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. நான் பாத்தது, காம்பு நாரு, மெல்ல முடியாது, நுனி தான் முதல்ல வாடி அழுகும். கதையும் சரியாத்தான் இருக்கு.

மாடித்தோட்டத்துல வருமா?

தாராளமா. பெரிய தொட்டி, அடியில ஓட்டை நாலஞ்சு, செம்மண்ணும் மக்கின எருவும் மணலும் சமமா. கிழக்குப் பாத்த செவுரு பக்கம், காலை வெயில் பட்டு மதிய வெயில் படாம. ஏற ஒரு தென்னை நாரு சுத்தின கம்பு வச்சா கணுவுல வேரு விட்டுப் பிடிச்சுக்கும். தொட்டிக்குக் கீழ தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க. முதல் மூணு மாசம் இலையைக் கிள்ள கை அரிக்கும், பொறுங்க. சென்னையில என் ஃப்ரெண்டு ஒருத்தன் எங்க கொடியை வச்சிருக்கான், நல்லா வருது, ஆனா ருசி நம்ம ஊரு மாதிரி இல்லைங்கிறான். தண்ணி மாறினா மாறத்தான் செய்யும்.

உங்க கொடியிலேருந்து தண்டு கெடைக்குமா?

கெடைக்கும், காசு வேண்டாம். மழைக்காலம் ஐப்பசி கார்த்திகையில கேக்காதீங்க, அப்ப வெட்டின காயம் ஆறாது. தை பொறந்த அப்புறம் வாங்க, காலையில ஆறு மணிக்குள்ள, கையில ஒரு ஈரச் சாக்கோட. செருப்பை வெளியவே கழட்டிட்டுத்தான் கொடிக்காவுக்குள்ள விடுவாரு அப்பா, சாமின்னு சொல்லுவாரு, அடுத்த ஊரு கொடிக்கா மண்ணு செருப்புல ஒட்டி நோய் வந்துடும்னும் சொல்லுவாரு. ரெண்டுல எதை நம்பினாலும் சரி, கழட்டிடுங்க.